யாரும் தொடாத ரத்துப் பொத்தான்

போடியில் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர், பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா. வேறு யாராவது எங்காவது வைத்திருக்கலாம். ஆனால் நானாகப் போய்ப் பேசி, நானாக ஏற்றிக் கொடுத்து, "இருக்கட்டும் பாப்பா, பாப்போம்" என்று பதில் கிடைத்தது அந்த ஒரு கடையில்தான். இரண்டு பேர் மறுபடி ஒருத்தியானதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணினியைத் திறந்ததும் முதலில் எழுந்து நின்று மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்குகிற மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. காசு கொடுக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லித் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொள்கிறவர்கள் அதைவிட அதிகம். லினக்ஸ் மூன்றாவது வழி. முகம் தெரியாத எத்தனையோ பேர் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், பிடிக்காததை மாற்றுங்கள் என்று திறந்து வைத்திருப்பது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு இது தெரிய வந்தது. அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதைப் பற்றியே பேசினேன். தோழிகள் என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டார்கள்.

நான் போடிக்கே திரும்பிவிட்டேன். ஏதோ ஓர் ஊரில் இருக்கும் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. அவர்கள் எழுதுகிற மென்பொருளில் எங்கே உடைகிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது. அம்மாவும் அப்பாவும் போடிமெட்டுக்கு மேலே, கேரள எல்லை தாண்டி, ஏலத்தோட்டத்தில் இருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்குவார்கள், திங்கட்கிழமை விடிகாலை ஏறிவிடுவார்கள். நடுவில் ஐந்து நாளும் வீட்டில் நானும் மூன்று பழைய கணினிகளும்தான். கம்பெனிக் கூட்டங்களில் பேசுகிற ஆங்கிலத்தைத் தவிர வாயைத் திறக்க வேண்டிய தேவை இல்லாமல் பல நாட்கள் போயிருக்கின்றன. ஒருநாள் பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்ணே" என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்போதுதான் மொழிபெயர்ப்பில் இறங்கினேன். லினக்ஸின் திரையில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த மொழிக்காரர்கள் தன்னார்வமாக எழுதிக் கொடுக்க ஒரு தளம் இருக்கிறது. நான் ஏற்றியிருந்த வகைக்குத் தமிழ்ப் பட்டியலைத் திறந்தேன். பாதி காலி. குழுவில் மூன்று உறுப்பினர்கள் என்று காட்டியது: நான், தானாக அறிவிப்புப் போடுகிற ஒரு நிரல், இரண்டு வருடமாக எட்டிப்பார்க்காத ஒருவர். நான் எல்லாவற்றிலும் வேகம். அம்மா, "சோறு திங்கிறதுலயும் வெரசு, சோலி பாக்குறதுலயும் வெரசு, எதுலயும் ருசி பாக்க மாட்டா" என்பாள். அந்த வேகத்தில் ஒரு சாரல் காலம் முடிவதற்குள் காலியான கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டேன். கேன்சலுக்கு 'ரத்து'. டேட்டாவுக்குத் 'தரவு'. ஃபார்மட்டுக்கு 'வடிவமை'. சொற்பட்டியல்களைப் பார்த்துத்தான் எழுதினேன், எதுவும் பிழையில்லை. பட்டியல் முழுவதும் பச்சையானபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. குழுவில் எழுதினேன். நிரல் மட்டும் நன்றி சொன்னது.

அக்கா கடைக்குப் போனது அதற்கப்புறம்தான். அடையாள அட்டையைப் படி எடுக்கப் போயிருந்தேன். அவர் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பேயே, எந்திரி. காலைல இருந்து சுத்திக்கிட்டே கெடக்க."

பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகள் என்று ஊரில் இருக்கும் பென் டிரைவ் எல்லாம் அந்தப் பெட்டியில் செருகப்படும். எல்லா வைரஸும் அங்கே வந்து இளைப்பாறிவிட்டுப் போகும். நான் லினக்ஸைப் பற்றிச் சொன்னேன். வைரஸ் தொல்லை குறைவு, பழைய பெட்டியிலும் ஓடும், முழுக்கத் தமிழிலேயே இருக்கும். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தத் தமிழை எழுதியதே நான்தான் என்றும் சொன்னேன்.

"இதுல பிரிண்டு வருமா?"

"வரும்க்கா."

"ரேஷன் கார்டு விண்ணப்பம், பட்டா விண்ணப்பம் எல்லாம் போட முடியுமா?"

"முடியும்க்கா."

"அப்பறம் ஏன் ஒரு பய இத வச்சுக்கல?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "இருக்கட்டும் பாப்பா, பாப்போம்."

அன்று பிரிண்டரை இணைத்ததும் எதுவும் கேட்காமல் முதல் தாள் வெளியே வந்தது. அக்கா தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கள்ள நோட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்கு நடந்தே போனேன்.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்குக் கடைக்குப் போனேன். 'அப்டேட் பார்க்கணும்க்கா' என்பது சாக்கு. உண்மையில் எதையும் பார்க்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் விண்ணப்பம் அடிப்பதையும், வருகிறவர்களிடம் வாயாடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் பெண்கள் ஏலக்காய் தரம் பிரிப்பார்கள். அந்த வாசனை சந்து முழுக்க நிற்கும். அக்கா எனக்கும் சேர்த்து டீ சொல்வார். என் வீட்டுக்கு ஒருமுறை வந்தவர், மூன்று கணினியையும் பார்த்துவிட்டு, "பொட்டிபுரத்த மலையடியில தேடுறாங்ய, இங்க இருக்கு பாரு" என்றார். மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்ட பக்கத்து ஊர் பொட்டிபுரம்; அக்காவுக்குப் பொட்டி என்றால் கணினிப் பெட்டி. அந்த நகைச்சுவையை அடுத்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடம் சொன்னார். "இந்தப் பொட்டிபுரத்துப் பாப்பாதான் நம்ம கடைக்கு டாக்டரு."

ஒன்றை மட்டும் கவனித்தேன். திரையில் ஏதாவது கேள்விப் பெட்டி வந்தால் அக்கா 'சரி' என்பதை அழுத்துவார். சரி சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுவார். மறுபடி போடுவார்.

"ஏன்க்கா, ரத்து கொடுத்தாப் போயிருமே?"

"அது எதுக்கு பாப்பா. இப்படியே போகட்டும்."

பழக்க தோஷம் என்று நினைத்தேன். ஏன் என்று இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். நான்தான் எதிலும் ருசி பார்க்காதவள்.

இன்னொன்றும் நடந்தது. கடையில் போஸ்டர் வேலையும் உண்டு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. பழைய இயங்குதளத்தில் அக்கா அதற்கென்று ஒரு மென்பொருளில் கை பழகியிருந்தார். "இதுல டிசைன் பண்றதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அப்போது கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்: "எல்லாமே இருக்குக்கா. ரைட் கிளிக் பண்ணிப் பாருங்க, தமிழ்லயே வரும்."

அடுத்த வாரம் ஒரு நாள், மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், அக்கா போன் செய்தார்.

"பாப்பா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா? வெரசா வா."

கடையில் என் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் அம்மா வயது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். விரலிடுக்குகளில் ஏலக்காய்க் கறை. பார்த்ததுமே மேலே இருந்து இறங்கியவர் என்று தெரிந்தது. அக்கா என்னைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்து சொன்னார்.

அந்தப் பெண்ணின் கணவர் போன வருடம் இறந்துவிட்டார். வருகிற புதன்கிழமை வருசத் திதி. அதற்கு ஒரு படமும் நாலு போஸ்டரும் வேண்டும். கணவரின் போன் மழையில் ஓடையில் விழுந்து செத்துவிட்டது. மெமரி கார்டு மட்டும் பிழைத்தது. அதில்தான் படங்கள். வேறு எங்கும் இல்லை. கல்யாணப் போட்டோகூட தோட்ட லயத்து வீட்டின் ஒழுகலில் ஊறிப்போயிற்று. அக்கா கார்டைச் செருகியிருக்கிறார். திறந்திருக்கிறது. படங்கள் தெரிந்திருக்கின்றன. இனி டிசைன் செய்ய வேண்டும்.

"நீ சொன்னயில்ல, ரைட் கிளிக்குன்னு. கார்டு மேல வச்சுப் பண்ணேன். 'வடிவமை'ன்னு வந்துச்சு. சரிதான், பாப்பா சொன்ன டிசைன் இதுதான்னு அமுக்குனேன்."

நான் 'வடிவமை' என்று எழுதியது ஃபார்மட்டுக்கு, கார்டில் இருப்பதை முழுவதும் துடைத்துவிடுகிற கட்டளைக்கு.

"அப்பறம் ஒரு பெட்டி வந்துருக்குமேக்கா. தரவு எல்லாம் போயிரும்னு கேட்டிருக்குமே?"

"வந்துச்சு. 'தரவு இழக்கப்படும்'னு போட்டிருந்துச்சு. தரகுங்கிறதத்தான் தப்பா அடிச்சிருக்கன்னு நெனச்சேன். எனக்கென்ன இதுல தரகா வருது, போனாப் போகட்டும்னு..."

ஏலக்காயை ஏலம் விடுகிற ஊர். தரகு என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தரவு என்ற சொல்லை அந்தச் சந்தில் யார் கேட்டிருக்கிறார்கள்?

"கீழ ரத்துன்னு இருந்திருக்குமேக்கா. ஒரு சந்தேகம் வந்தா அத அமுக்கியிருக்கலாமே!"

என் குரல் உயர்ந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை. இது என்ன பிள்ளை, இதுகூடத் தெரியாமல் இருக்கிறதே என்கிற பார்வை.

"பாப்பா, காலைல கடையத் தொறந்தா என்கிட்ட வர்ற பாதிப் பேரு என்னன்னு வர்றான்? 'ரேஷன் கார்டு ரத்தாயிருச்சு, மனு எழுதிக் குடுங்க'ன்னு வர்றான். அங்கிட்டு ஒரு பேரு, இங்கிட்டு ஒரு பேருன்னு மலைக்கு ரெண்டு பக்கமும் கெடந்து அல்லாடுற சனம். எந்தக் கார்டு ரத்தாகும்னு யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுக் கார்டே ஒருக்கா ரத்தாகி, மறுபடி வாங்குறதுக்குள்ள எம்மூத்தவ அஞ்சாவதுல இருந்து ஆறாவது போயிட்டா. அந்தம்மா வீட்டுக்காரரு படத்த உள்ள போட்டுட்டு, நானே என் கையால ரத்துன்னு அமுக்கவா?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு போட வேண்டியதுதான? நாங்கல்லாம் அப்படித்தான் சொல்றது."

கிட்டங்கியிலிருந்து ஒரு மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வழிவிட்டு நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். மூன்று சொற்கள். மூன்றும் என்னுடையவை. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றமில்லை. மூன்றும் ஒரே கணினியில், ஒரே மதியத்தில், இந்த ஊரில் சேர்ந்தபோது ஒரு மனிதரின் முகம் போய்விட்டது.

உள்ளே போனதும் அந்தப் பெண் எழுந்து நின்றார். அக்கா முந்திக்கொண்டார்: "கார்டுல ஏதோ கோளாறு. இந்தப் பாப்பா எடுத்துக் குடுத்துரும்."

"கிட்டும் இல்லையா மோளே?" என்றார் அவர். மேலே ரொம்ப நாள் இருக்கிறவர்களுக்குத் தமிழும் மலையாளமும் வாயில் ஒன்றாகவே வரும். "வேறொண்ணும் வேண்டாம். மொகம் தெரிஞ்சாப் போதும்."

"பார்க்கிறேம்மா" என்றேன். கார்டை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டேன்.

இப்படி அழிந்த கார்டில், மேலே புதிதாக எதையும் எழுதாதவரை, பழையது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அட்டவணையை மட்டும்தான் கிழித்திருப்போம், பக்கங்கள் உள்ளே இருக்கும். அவற்றைத் தோண்டி எடுக்க, லினக்ஸைப் போலவே எல்லோருக்கும் திறந்துவிட்ட கட்டற்ற மென்பொருள் ஒன்று உண்டு. நல்ல கருவி. ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அம்புக்குறி விசைகள், ஒரு தவறான விசை அழுத்தினால் எல்லாம் வேறு இடத்தில் போய்க் கொட்டும். அக்காவை இதன் முன்னால் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன். வீட்டில் காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டேன்.

கோப்புகள் வரத் தொடங்கின. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். பாதி, யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அதற்கு ஆன இரண்டு நாளும் ஜன்னலுக்கு வெளியே போடிக் காற்று கதவுகளை அடித்துக்கொண்டே இருந்தது. நான் முன்பின் பார்க்காத ஒருவருடைய கண் வழியாக அவருடைய தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரையோடு படர்ந்த சரத்தில் ஓர் ஏலப்பூ, வெள்ளையில் ஊதாக் கோடு, மிக அருகில். சகதியில் புதைந்த ஜீப்பின் பின்சக்கரம். காய் உலர்த்தும் ஸ்டோரின் கூரையிலிருந்து போகும் புகை. மழையில் நனைந்த நாய். அப்புறம் அந்தப் பெண். ஏலத் தட்டைகளுக்கு நடுவே குனிந்து காய் எடுக்கிற அவர் முதுகு. தலையில் துண்டு கட்டின முதுகு. இன்னொரு முதுகு. ஒன்றில் மட்டும் திரும்பிப் பார்த்து ஏதோ வைகிறார், வாய் பாதி திறந்திருக்கிறது. நாய், முதுகு, மேகம், முதுகு. எடுத்தவர் எதிலும் இல்லை. எப்படி இருப்பார்? போனைக் கையில் வைத்திருப்பவர் அவர்தானே.

இரண்டாம் நாள் சாயங்காலம் வெளிச்சம் குறைகிற நேரத்தில் ஒன்று வந்தது. போனை யாரோ வாங்கி அவரை எடுத்திருக்கிறார்கள். கம்பளிக் குல்லா, வெள்ளையும் கறுப்புமாகத் தாடி, எடுக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிற கண்கள். கழுத்துவரை முழுசாக இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. சாம்பல் நிறக் கட்டம். கோப்பின் மிச்சம் எங்கோ தொலைந்துவிட்டது. நான் சத்தமாக "கிடைச்சிருச்சு" என்றேன். வீட்டில் யாரும் இல்லை. கூடத்து மூலையில் இருந்த கணினியின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

உடம்பை நானே வரைந்து சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். கட்டற்ற பட மென்பொருள் என்னிடம் இருக்கிறது, அதன் தமிழிலும் என் கை உண்டு. அடுத்த நாள் காலையிலிருந்து மதியம்வரை முயன்றேன். எனக்கு நிரல் தெரியும், சட்டைக் காலர் தெரியாது. என்னால் முடிந்ததெல்லாம், கூடையில் வைத்த தலை போல ஒன்று. அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அக்காவின் திரை வேறாக இருந்தது. பழைய நீலம். பழைய படங்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, என்னுடையதை எடுத்துவிட்டு முன்பிருந்ததையே ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கோச்சுக்காத பாப்பா" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "பரிச்சை விண்ணப்பம் போடுற நேரம். பயந்துக்கிட்டே கைய வச்சா வேல ஓடாது."

"பரவாயில்லக்கா" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பென் டிரைவை வாங்கினார். படத்தைத் திறந்தார். சாம்பல் கட்டத்தைப் பார்த்து, "அட, இதுக்கா முழிச்ச?" என்றார். போஸ்டர் வேலை செய்கிற எல்லாக் கடையிலும் ஒரு துணிப்பெட்டி உண்டு. துணி இல்லாத துணிப்பெட்டி. கோட்டு, சூட்டு, பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, எல்லாம் தலையில்லாமல் வரிசையாக. இறந்தவர் பனியனோடு நின்ற படம்தான் இருக்கிறது என்றால் அதற்குமேல் இதில் ஒன்றை மாட்டிவிடுவார்கள். அக்கா இரண்டு நிமிடத்தில் குல்லாவின் ஓரத்தைச் சுத்தமாக வெட்டினார். ஒரு கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து கழுத்துக்குக் கீழே வைத்தார், தோளைக் கொஞ்சம் அகலப்படுத்தினார், தாடியின் நிழல் காலரில் விழுவது போல ஒரு தேய்ப்பு. நான் ஒரு காலை முழுக்கத் திணறியது டீ ஆறுவதற்குள் முடிந்தது. அவர் விரல்கள் எந்தப் பொத்தானையும் படிக்கவே இல்லை. அந்த வேகத்தை நான் என் பெட்டியில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அங்கே அவர் எப்போதும் விருந்தாளி போல விளிம்பில் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் இறங்கி வந்தார். படத்தைச் சட்டம் போட்டுத் தயாராக வைத்திருந்தோம். இரண்டு கையாலும் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோட்டா?"

"வேண்டாம்னா வெள்ளைச் சட்ட மாத்திருவோம்த்தா, அஞ்சு நிமிசம்" என்றார் அக்கா.

"கல்யாணத்துக்கே கோட்டு போடாத மனுசன்." புறங்கையால் கண்ணாடியைத் துடைத்தார். "இல்ல, இருக்கட்டும். மேல குளிருக்கு ஆகும்."

அக்கா சட்டென்று திரும்பி ஜெராக்ஸ் மெஷினில் தாள் அடுக்கத் தொடங்கினார்.

மற்ற படங்களையும் புதுக் கார்டில் போட்டு வைத்திருந்தேன். என் மடிக்கணினியில் காட்டினேன். பூ, ஜீப்பு, நாய். அப்புறம் அவர்.

"இது ஆரு?" என்றவர், அடுத்த படத்தில் கண்டுகொண்டார். "நானா? இம்புட்டும் என்னையவா எடுத்துருக்காரு?" வைகிற படம் வந்ததும் அதேபோல வாயைப் பாதி திறந்தார். "கிறுக்கன். முதுகத்தான் எடுத்துருக்கான் பாரு. போன வச்சுக்கிட்டு நின்னா வேலயப் பாருன்னு வைவேன். எடுக்கிறான்னு எனக்குத் தெரியாது மோளே."

அப்போது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "கார்டு கெட்டுப்போகலம்மா. கம்ப்யூட்டர்ல வர்ற தமிழ் நான் எழுதினது. அது புரியிற மாதிரி இல்ல. அதனாலதான் அழிஞ்சுச்சு."

அக்கா தாள் அடுக்குவதை நிறுத்தினார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல தமிழ் எழுதறதுக்குன்னு ஆளு உண்டா?"

"உண்டும்மா."

"கெவருமென்டு வேலையா?"

"இல்லம்மா. சும்மாதான்."

"எத்தன பேரு?"

"நான்தான்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அய்யோ" என்றார். அழிந்துபோன படத்துக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார். நான் மடிக்கணினியை மூடினேன். நல்லவேளை, வெளியே ஜீப் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். "ஏத்தா, வர்றியா, இல்ல ஒன்ன இங்க வுட்டுட்டு லோடு மட்டும் ஏத்திட்டுப் போகவா?" அவர் படத்தை ஸ்வெட்டருக்குள் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். "நாளைக்கு வரணும் கேட்டோ. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். 'ரத்து' இருந்த இடத்திலெல்லாம் 'வேண்டாம்'. 'தரவு இழக்கப்படும்' என்பதற்குப் பதிலாக, 'இதில் உள்ள படம், பாட்டு, கடிதம் எல்லாம் அழிந்துவிடும். திரும்ப வராது.' 'வடிவமை'யை எடுத்துவிட்டு 'முழுவதும் அழி'. இந்த முறை வேகமாகச் செய்யவில்லை. ஒவ்வொரு வரியையும் அந்தச் சந்தில் நின்று உரக்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். முடிக்கப் பல நாட்கள் ஆயின.

அனுப்பியதும் ஒரு வரி வந்தது: பரிந்துரை பதிவாயிற்று, குழுவின் இன்னொரு உறுப்பினர் பார்த்து ஏற்க வேண்டும். புதிதாக நிரப்புவதற்கு ஒருவர் போதுமாம். இருக்கிறதை மாற்றுவதற்கு இன்னொரு கண் வேண்டுமாம். நல்ல விதிதான். என்னைப் போன்ற வேகக்காரியிடமிருந்து சனங்களைக் காக்க வைத்த விதி. இரண்டு வருடமாக வராதவருக்கு எழுதினேன். பதில் இல்லை. கல்லூரித் தோழிகள் குழுவில் கேட்டேன். இருவர் கைகூப்பும் படம் போட்டார்கள், ஒருத்தி 'இன்னுமாடி இதையே பண்ற?' என்றாள்.

அக்காவிடமும் கேட்டேன். "நீங்க ஒரு கணக்குத் தொடங்கி, இந்தச் சொல்லு சரின்னு அமுக்கினாப் போதும்க்கா."

"எனக்கெதுக்கு பாப்பா அதெல்லாம். நான் சரின்னு அமுக்கித்தான் இம்புட்டும் ஆச்சு." சிரித்துக்கொண்டே டீயை நீட்டினார். "அந்த வேண்டாம் வந்துச்சுன்னாச் சொல்லு. பாப்போம்."

இப்போதும் சில நாள் நாலு மணிக்குப் போகிறேன். அப்டேட் பார்க்க எதுவும் இல்லாததால் சாக்கும் இல்லை. ஸ்டூலில் வாடிக்கையாளர் யாராவது இருந்தால் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

என் மாற்றங்களை என் பெட்டியில் மட்டும் நானே ஏற்றிக்கொண்டேன். கட்டற்றது என்றால் அதுவும் முடியும். ஒரு வெற்றுக் கார்டைச் செருகி, அதன்மேல் வைத்து 'முழுவதும் அழி' கொடுத்தேன். கேள்விப் பெட்டி வந்தது. எல்லாம் அழிந்துவிடும், திரும்ப வராது என்றது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'வேண்டாம்' என்று அக்காவின் சொல். அதைத் திரையில் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். அழுத்தினேன். ஒன்றும் அழியாமல் பெட்டி மறைந்தது.

வெளியே காற்று கதவை ஒருமுறை இழுத்து அடித்தது. அக்காவின் சொல்லை இன்னொரு தடவை பார்க்க, பெட்டியை மறுபடி வரவழைத்தேன்.